காசு கொடுத்து வாங்கிய புயல்

தங்கதுரையின் கடையில் ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. ஆணி, அரிவாள்மனை, குழாய்த் திருகு, அலுமினியக் குண்டான், கொசுவலை, தோணிக்காரர்கள் வாங்கும் கயிறு எல்லாம் முன்பக்கம். பின்னால் இருக்கும் குடோனில் பெட்ரோமாக்ஸ் மேன்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ் பின், ரேடியோவுக்குப் போடும் தோல் உறை, வீட்டில் யாரும் திருட்டுத்தனமாகப் பேசிவிடாமல் இருக்க டெலிபோன் டயலில் மாட்டும் குட்டிப் பூட்டு. அந்தப் பூட்டை மாட்ட இப்போது டெலிபோன் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் தங்கதுரைக்குக் கோபம் வரும். கேட்டு ஒருத்தன் வந்து நின்றால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்பான்.

இடம் கிடையாத அந்த வார்த்தை, 'இல்லை'. அவன் அப்பா கடை வைத்த நாளிலிருந்து கல்லாவில் உட்காருகிறவர் அதை வாயில் எடுக்கக் கூடாது. சரக்கு தீர்ந்திருந்தால் "நாளைக்கு வாங்க" என்று சொல்ல வேண்டும். கேட்ட சாமான் உலகத்திலேயே கிடைக்காது என்றால் "சொல்லி வைக்குதேன்" என்று சொல்ல வேண்டும். பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் பாதிக் கடைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. தங்கதுரை அதை மாடியில் இருக்கும் வீட்டுக்கும் ஏற்றிக்கொண்டு போனதுதான் வினை.

மாடியில் அவன் மனைவி இந்துமதி ஆரி வகுப்பு நடத்துகிறாள். கல்யாண ஜாக்கெட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கிற வேலை. கட்டில் நீளச் சட்டம், அதைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். இது போக மிச்சமிருக்கிற மூலையில் தங்கதுரை முழங்காலை மடக்கிக்கொண்டு சாப்பிட வேண்டும். குடோனை ஒழித்துக் கொடுங்கள், வகுப்பைக் கீழே வைத்துக்கொள்கிறேன் என்று இந்துமதி வருஷக்கணக்காகக் கேட்கிறாள். அவனும் வருஷக்கணக்காக "பாப்போம்" என்கிறான். தருவதாகவும் பேச்சில்லை, மாட்டேன் என்றும் பேச்சில்லை.

அன்று மத்தியானம் சாளை மீன் குழம்பு. தங்கதுரை சட்டத்துக்கு மேலாகக் கையை நீட்டி அப்பளத்தை எடுக்கப்போக, ஒரு சொட்டுக் குழம்பு கல்யாண ஜாக்கெட்டின் மயில் கழுத்தில் விழுந்தது. மயிலை மூன்று நாளாகக் கோத்துக்கொண்டிருந்த ஜெனிலா என்ற பெண் "ஐயோ அக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்துமதி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"குடோனைத் தருவியளா, மாட்டியளா?"

"பாப்போம்ளா."

"பாத்தது போதும். ஞாயித்துக்கிழமை என்கூட ஏழு துறையில ஒரு ஆட்டம் ஆடுங்க. நான் செயிச்சா குடோன் எனக்கு. நீங்க செயிச்சா ஒண்ணே ஒண்ணு செய்யணும். என் மூஞ்சியப் பாத்து, நேரா, 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதுக்கப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

பெண்கள் எல்லாரும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் தங்கதுரையால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? எவரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். "சரி" என்று சொல்லிவிட்டுத்தான் எச்சில் விழுங்கினான்.

'ஏழு துறை' என்பது போனில் ஆடுகிற ஆன்லைன் விளையாட்டு. ஆளுக்கொரு கப்பல், துறைமுகம் துறைமுகமாகப் போய் வியாபாரம் செய்ய வேண்டும். ஒவ்வொரு துறையிலும் ஒரு சத்திரம், சத்திரத்தில் ஒரு சீட்டு மேசை. முக்கால்வாசிப் பேர் கப்பலைக் கரையில் கட்டிவிட்டு அந்த மேசையிலேயே குடியிருந்தார்கள். இந்துமதியும் அப்படித்தான். தங்கதுரையும் ஆடுவான், ஆடி அவளிடம் தோற்பான். அவளுக்குச் சீட்டு ராசி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் நேசக்குமார் வந்தான். நாசரேத்துக்காரன், கணக்கு வாத்தியார், தங்கதுரையோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, "எங்க, என்கூட ஒரு ஆட்டம் போடு, பாப்போம்" என்றான்.

ஆட்டம் லேசானது. ஆரம்பத்தில் ஆளுக்குப் பத்துச் சீட்டுள்ள ஒரு கட்டு: ஏழு செப்புக்காசு, மூன்று ஓட்டைப் படகு. ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஐந்து சீட்டு கைக்கு வரும். வந்த காசுக்கு மேசையில் விரித்திருக்கும் சந்தையிலிருந்து புதுச் சீட்டு வாங்கிக் கட்டில் சேர்த்துக்கொள்ளலாம். கட்டு தீர்ந்தால் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி முதலிலிருந்து. முத்துக்குளிப்பவன் சீட்டு கையில் வந்தால் ஒரு முத்து. அவனுக்கு மேலே கயிறு பிடிக்கும் கயிற்றுக்காரன் சீட்டும் அதே கையில் சேர்ந்து வந்துவிட்டால் நாலு முத்து. முதலில் இருபது முத்து சேர்ப்பவர் வெற்றி.

தங்கதுரை சந்தையில் கண்டதையெல்லாம் வாங்கினான். பாய்மரம், நங்கூரம், மிளகு மூட்டை, கிளி, சமையல்காரன். எது வந்தாலும் "இருக்கட்டும், ஒதவும்" என்று வாங்கிப் போட்டான். நேசக்குமார் கொஞ்ச நேரத்திலேயே இருபது முத்தை முடித்தான்.

"ஏலே துரை, ஒன் கட்டை விரிச்சுப் பாரு."

ஆட்டம் முடிந்தால் இரண்டு பேர் கட்டையும் விரித்துப் பார்க்கலாம். தங்கதுரை அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை. அவன் கட்டில் நாற்பதுக்கு மேல் சீட்டு. நேசக்குமாரிடம் இருபதுகூட இல்லை. இந்துமதியோடு ஆடிய பழைய ஆட்டத்தைத் தேடித் திறந்தான். அவள் கட்டில் இருந்தது ஒன்பதே ஒன்பது.

"என்னலே இது? ஆரம்பத்துலயே பத்து தாரான். இவ அதையும் தொலைச்சுட்டாளா?"

"தொலைக்கல. கடல்ல எறிஞ்சிருக்கா. இங்கன பாரு, புயல் சீட்டு. அது கையில வந்தா, கையில இருக்கிற வேற ரெண்டு சீட்டைத் தூக்கி எறியலாம். திரும்பி வரவே வராது."

புயல் சீட்டைத் தங்கதுரைக்கும் தெரியும். அதைப் பார்க்கும் போதெல்லாம் அவனுக்குச் சிரிப்புதான் வரும். காசு கொடுத்து நட்டத்தை வாங்குகிற கிறுக்கன் எவன் என்று நினைப்பான். அந்தக் கிறுக்கு தன் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து ஜரிகை கோக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

"ஒங்கிட்டயும் முத்துக்குளிக்கிறவன் இருக்கான், கயிற்றுக்காரனும் இருக்கான்" என்றான் நேசக்குமார். "ஆனா அவன் மேல வரும்போது இவன் அடியில கெடக்கான். நடுவுல கிளியும் மிளகு மூட்டையும். ரெண்டு பேரும் எப்பம்லே சந்திக்கதுக்கு? அவ கட்டுல வேற ஆளே இல்ல. எடுத்தா அவங்கதான் வருவாங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன நேசக்குமாரும் இந்துமதியிடம் ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. அதை அவன் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தங்கதுரை கல்லாவில் உட்கார்ந்தபடியே முகம் தெரியாத கப்பல்காரர்களோடு ஆட ஆரம்பித்தான். காசு கொடுத்துப் புயலை வாங்கினான். அது கைக்கு வந்தது. எதை எறிய வேண்டும் என்று கேட்டது. தங்கதுரையின் கட்டைவிரல் ஓட்டைப் படகின் மேல் போய் நின்றது. ஓட்டைதான், ஆனாலும் படகு. ஒரு தகரத்தை வைத்து அடைத்தால் மிதக்காதா? சுவரில் மாலை போட்டிருந்த அப்பா படத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு எறிந்தான். போனில் தொபுக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவனுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

ஆனால் ருசி கண்டுவிட்டான். இரண்டாவது படகு போனது, மூன்றாவது போனது. செப்புக்காசையே எறியலாம் என்று புரிந்த அன்றைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எறிந்தான். கட்டு இளைக்க இளைக்க முத்து கொட்டியது. கொழும்புக்காரன் ஒருவனைத் தோற்கடித்தபோது கல்லாவைத் தட்டி, "போலே!" என்று கத்திவிட்டான். கால் கிலோ ஆணி வாங்க வந்திருந்தவர் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

குடோனை அவன் எதற்காகக் காக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். சரக்கு மேல் இருக்கும் ஆசை மட்டும் இல்லை. எங்கெல்லாமோ அலைந்துவிட்டு ஒருத்தன் கடைசியில் அவனிடம் வந்து, கிடைக்காது என்று தெரிந்தே கேட்பான். தங்கதுரை ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்து நீட்டுவான். அப்போது அந்த ஆளின் முகம் மலரும் பாருங்கள், அதற்காகத்தான். அதற்கு முன்னால் அவனுக்கு வியாபாரமே ஒரு பொருட்டில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள். நேசக்குமார் கோவிலுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு, அவித்த கடலைப் பொட்டலமும் கையுமாக நடுவராக வந்திருந்தான்.

இந்துமதி நிதானமாக ஆரம்பித்தாள். சந்தையில் புயல் இருந்தது. அவள் அதை விட்டுவிட்டு முதலில் முத்துக்குளிப்பவனை வாங்கினாள். அவள் புருஷன் புயலைத் தொட மாட்டான், அது அங்கேயே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறாளே.

தங்கதுரை புயலை வாங்கினான்.

இந்துமதி போனிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அடுத்த சுற்றில் ஒரு படகும் ஒரு காசும் தொபுக் தொபுக்கென்று போனபோது அவள் வாய் லேசாகத் திறந்துவிட்டது.

"ஏங்க, எறிஞ்சியளா? நீங்களா?"

"ஆட்டத்தைக் கவனிளா."

இரண்டாவது புயலை அவள் வாங்கினாள். ஆனால் பிந்திவிட்டது. அவளும் லேசில் விடவில்லை. பதினாறு, பதினேழு என்று துரத்திக்கொண்டே வந்தாள். நேசக்குமார் கடலையைத் தோலோடு மென்றுகொண்டிருந்தான். கடைசியில் தங்கதுரையின் கையில் முத்துக்குளிப்பவனும் கயிற்றுக்காரனும் ஒன்றாக வந்து நின்றார்கள். போனில் மேளம் கொட்டியது. இருபத்தொன்று.

தங்கதுரை எழுந்து நின்றே விட்டான். நேசக்குமார் கையைத் தூக்கிக்கொண்டு "ஏலே துரை!" என்றான். அதற்குள் இந்துமதி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டாள்.

"நல்லாத்தான் ஆடுனிய" என்றாள். "சரி, சொல்லுங்க."

"என்னத்த?"

"பேசுனதத்தான். நேரா."

இதைத்தான் தங்கதுரை யோசிக்கவே இல்லை. ஜெயிப்பதைப் பற்றி மட்டுமே அத்தனை நாளும் நினைத்திருந்தான். ஜெயித்தால் அந்த வார்த்தையை எடுக்க வேண்டும், அதுவும் இவளிடம் என்பது இப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தான்.

"அது வந்து, இந்து... பாப்போ..."

"பாப்போம் செல்லாது."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்பைக் கேட்டதும் தங்கதுரைக்கு வெட்கமாகப் போயிற்று. நேசக்குமார் கடலைத் தோலை ஒவ்வொன்றாக எண்ணிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது பாதி ஷட்டருக்கு அடியில் ஒரு தலை குனிந்து உள்ளே வந்தது. தோணித் துறையில் இஞ்சின் பார்க்கிற பிச்சையா.

"அண்ணாச்சி, இருக்கியளா? மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு ஒரு பின்னு வேணும். மாமியா கேஸ் அடுப்பத் தொடமாட்டேங்கா. ஊரு பூரா கேட்டாச்சு. எங்கயும் கெடைக்கல. ஒங்ககிட்ட கெடைக்காம போவுமா?"

இப்படி ஒருத்தன் வந்து நிற்பதற்காகத்தான் அந்தக் குடோன். தங்கதுரை வழக்கமாக இந்த இடத்தில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போவான். ஆனால் அவனுக்கு முன்னால் இந்துமதி நடந்துவிட்டாள். இரண்டாவது அலமாரி, பிஸ்கட் டப்பா, பின் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்த எல்லாமே அவளுக்கும் தெரியும். இப்போதுதான் தோற்றிருக்கிறாள், தனக்குக் கிடைக்காமல் போன அறைக்குள், அவன் மானத்தைக் காப்பாற்ற, சாமான் எடுக்கப் போகிறாள்.

தங்கதுரை கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டான்.

"பிச்சையா" என்றான். "இல்ல."

பிச்சையா காதைக் குடைந்துகொண்டான். "என்ன அண்ணாச்சி?"

"ஸ்டவ் பின்னு இல்ல."

குடோன் வாசலில் இந்துமதியின் கால் நின்றது.

"சரி, நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கும் இல்ல. இனிமே அந்தச் சாமான்லாம் நம்ம கடையில இல்ல. அங்கன தையல் கிளாஸ் வருது."

நேசக்குமார் கையிலிருந்த கடலைப் பொட்டலம் நழுவித் தரையெல்லாம் கொட்டியது. யாரும் பொறுக்கவில்லை. பிச்சையா அண்ணாச்சியையும் அப்பா படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டில் ஏதாவது துக்கமோ என்று அவனுக்குச் சந்தேகம். "கடைய விக்கப் போறியளா அண்ணாச்சி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

இந்துமதி உள்ளே போனாள். டப்பா இழுபடுகிற சத்தம் கேட்டது. தூசியும் தும்மலுமாக வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, தூசியால் மட்டும் இல்லை என்று தங்கதுரைக்குத் தெரியும். நேராக வந்து டப்பாவைப் பிச்சையாவின் கையில் வைத்தாள்.

"அண்ணாச்சி சொன்னது நெசந்தான், ஸ்டவ் பின்னு இல்ல" என்றாள். "பூராத்தையும் நீங்க கொண்டு போறியள்லா. டப்பாவையும் சேத்து எடுத்துக்கிடுங்க."