மூன்றாவது கதவு

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து மகள் மவுஸை அசைத்தாள். திரை விழித்துக்கொண்டது.

காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது விட்ட இடத்திலேயே கம்ப்யூட்டர் ஆட்டம் நின்றிருந்தது. நின்றிருந்தது என்று சொல்லக் கூடாது. இந்த ஆட்டம் நிற்காது. ஆள் எழுந்து போனாலும் அந்தத் தூரத்து விண்வெளித் தளத்தில் காற்று குறைந்துகொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணையும். "அணையுற பக்கந்தான் அது இருக்கு" என்பார் அப்பா. அதற்கு உருவம் கிடையாது, பெயரும் கிடையாது; கடைசி நட்சத்திரமும் அணைந்தால் திறந்த கதவு வழியாக உள்ளே வந்துவிடும்.

அவர் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்ற பிறகு பிடித்த பித்து இது. "பேய்க்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போயிட்டார்" என்று தம்பி கிண்டல் செய்வான்.

இன்று ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்தும் அதே பேச்சுதான்.

"மூணாவது கதவைச் சாத்தல. உள்ள அஞ்சு பேர் தூங்குறாங்க."

நினைவு தடுமாறுகிறது என்றாள் நர்ஸ். கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தவரின் தோளைத் தம்பி பிடித்துக்கொண்டான்.

"சாத்தியாச்சுன்னு சொல்லிடேன்க்கா."

"அவர்கிட்ட எடுபடாதுடா. கையை வச்சுப் பாத்தியான்னு கேப்பார்."

எந்த லிஃப்டைச் சரிசெய்தாலும், மூடிய கதவில் உள்ளங்கையை வைத்து, பூட்டு விழுவது கையில் தெரிகிறவரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். வீட்டு வாசற்கதவிலும் அப்படித்தான்.

"சாத்திட்டு உடனே வந்துடறேன்" என்று டாக்ஸி பிடித்து ஓடிவந்திருந்தாள்.

திரையின் ஜன்னலில் ஏழு நட்சத்திரங்கள் மிச்சம். அவருக்கு டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்த பழக்கத்தில், தளத்தின் இருட்டு நடையில் தடவித் தடவிப் போனாள். மூன்றாவது கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. அதற்கப்பால் கண்ணாடிப் பெட்டிகளில் ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு நட்சத்திரங்கள்.

இடது கையால் கீபோர்டில் ஒரு விசையை அழுத்திப் பிடித்து, வலது கையால் மவுஸின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். எந்தக் கையை விட்டாலும் கதவு பழையபடி திறந்துகொள்ளும். சுற்றத் தொடங்கினாள். கதவு விரல் விரலாக நகர்ந்தது.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. தம்பி.

கையை எடுக்கவில்லை. மூன்று நட்சத்திரங்கள். போன் ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. "இருடா, இருடா" என்று முணுமுணுத்தாள். விரல்கள் மரத்துப்போயின. அதிர்ந்து அதிர்ந்தே போன் மேஜை விளிம்புவரை நகர்ந்துவந்து ஓய்ந்தது. ஒரே ஒரு நட்சத்திரம் மிஞ்சியிருந்தபோது கதவின்மேல் பச்சை விளக்கு எரிந்தது.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"சாத்திட்டேன்டா. அவர்கிட்ட சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ எதையோ உருட்டிக்கொண்டு போகும் சத்தம்.

"நீ எடுக்கல. அதான் நானே சொல்லிட்டேன்க்கா, சாத்தியாச்சுன்னு."

"நம்பினாரா?"

"கையை வச்சுப் பாத்தியான்னு கேட்டார். ஆமான்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிட்டார்."

"இதோ கிளம்பிட்டேன்டா."

"மெதுவாவே வாக்கா" என்றான் தம்பி.

கம்ப்யூட்டரை அணைக்காமல் எழுந்தாள். வெளியே வந்து வாசற்கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். பூட்டு விழுந்துவிட்டது. கையை எடுக்கவில்லை. கீழே காத்திருந்த டாக்ஸி ஒருமுறை ஹாரன் அடித்தது.