ஓடைக்கு அந்தப் பக்கம் மரை

1.

இந்தக் கதை எனக்கு ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு கலியாண மண்டபத்துக்கு வெளியே கிடைத்தது. உள்ளே ஒலிபெருக்கி அலறியது. காற்று வாங்க வெளியே வந்தால், கார்களுக்கு நடுவே கோட்டுச் சூட்டோடு ஒருவர் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் பரராசசிங்கம். முன்பின் தெரியாதவர்.

"உள்ளை இடமில்லையோ அண்ணை?"

"இடமிருக்கு. சனமும் இருக்கு" என்றார்.

அப்படித்தான் பேச்சுத் தொடங்கியது. எண்பத்தாறாம் ஆண்டு, ஜேர்மன் காடொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மரை* வேட்டைக்குப் போனதைச் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனால் என்னை வீரனாக்கிப் போடாதேங்கோ."

2.

நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பனிமூட்டத்துக்குள் கொம்புகள் மட்டும் மிதந்து வந்தன." நல்ல வசனம்தான். ஆனால் அதைப் பார்த்தது யார்? கதைக்குள் இன்னும் ஒருவரும் வரவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள் யோசப்பின். அவளுடைய புருசன் இறந்து"

இப்படித் தொடங்கினால் கொலைக் கதை என்று நினைத்துவிடுவீர்கள். அதையும் விட்டேன். நேராகவே சொல்கிறேன்.

யோசப்பின் என்பவர் நாகர்கோவில் பக்கத்துப் பெண். இளவயதில் கன்னியாஸ்திரிகளோடு தாதி வேலைக்கு ஜேர்மனிக்கு வந்தவர். மலைக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அந்தக் காட்டின் அதிகாரியையே கலியாணம் முடித்தார். அவரோடு சேர்ந்து வேட்டைக்குப் பழகி, பரீட்சை எழுதி அனுமதிப் பத்திரமும் எடுத்தார். புருசன் போனபிறகும் வேட்டையை விடவில்லை. வேட்டைக்காரர் சங்கத்தில் அவர் ஒருவர்தான் பெண். ஒரேயொரு கறுப்புத் தோலும் அவருடையதுதான்.

பரராசசிங்கம் முல்லைத்தீவுக்காரர். அதே ஊரில், அகதிகளைத் தங்கவைத்த பழைய விடுதியொன்றில் இருந்தார். குடல்வால் அறுத்துப் படுத்திருந்தபோது, ஊசி போட வந்த தாதி தமிழில் "வலிக்குதா தம்பி?" என்று கேட்டாராம். மயக்க மருந்தின் வேலை என்றுதான் அவர் நினைத்தாராம்.

* மரை பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காட்டில் நிற்பது கடமான் என்கிற நமது மரையல்ல, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தமான செம்மான். இலங்கையில் தோட்டத் துரைமார் நமது மரையை 'எல்க்' என்றார்களாம். உண்மையான எல்க் நிற்பது இன்னும் வடக்கே. ஆளாளுக்குத் தாங்கள் விட்டு வந்த மிருகத்தின் பெயரைத்தான் புதிய மிருகத்துக்கு வைக்கிறார்கள். பரராசசிங்கம் மரை என்றே சொன்னார். நானும் மாற்றவில்லை.

3.

அது அரசாங்கக் காடு. யாரும் போகலாம். இலையுதிர்காலத்தில் ஆண் மரைகள் துணை தேடிக் கதறும். அதைக் கேட்பதற்கென்றே நகரங்களிலிருந்து சனம் பிள்ளைகுட்டியோடு வரும். காளான் பொறுக்குகிறவர்கள் வேறு. சங்கத்துக்காரர் நல்ல நாட்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, யோசப்பினுக்குக் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் வாகனத் தரிப்பிடத்தை ஒட்டிய மூலை.

"சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க தம்பி. நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன். சுட்டா இழுக்க ஆள் வேணும். வர்றீங்களா?"

"ஓம் அக்கா, வாறன்."

ஓம் என்று சொல்லிவிட்டு அவர் படுக்கவேயில்லை. காரணம் இரண்டு.

ஒன்று, காட்டின் நடுவே ஓடும் ஓடை. அதற்கு இந்தப் பக்கம் அவருடைய மாவட்டம், அந்தப் பக்கம் வேறு மாவட்டம். அகதி விண்ணப்பம் போட்டவர் அனுமதியில்லாமல் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. எசனிலிருந்த தங்கச்சியைப் பார்க்கப் போய் அவர் ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டிருந்தார். அடுத்தமுறை வழக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

மற்றது, எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் அவர் வேலை செய்த கடைக்கு முன்னால் ஒரு கூட்டம் வந்து நின்றது

(இந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.)

4.

விடியும்போது காடு பால் கொதித்து அடங்கியதுபோல் கிடந்தது. பனிமூட்டத்தில் மரங்களுக்கு அடிப்பாகம் இல்லை. எங்கோ ஒரு மரை கதறியது. பெரிய வீட்டின் கடைசி அறையில் யாரோ கனவில் கூப்பிடுவதுபோல இருந்தது என்றார் பரராசசிங்கம்.

அவர்களுக்குப் பின்னால் கார்க் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

"உள்ளுக்குப் போவம் அக்கா. ஆழமாப் போனால் சனமிராது."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சு உள்ள போவாங்க. ஆளுங்க உள்ள போகப் போக மிருகம் வெளிய வரும். நாம ரோட்டுப் பக்கமே உக்காருவோம்."

தெருவுக்கும் ஓடைக்கும் நடுவே இளம் ஊசியிலை மரங்கள் நெருக்கமாக வளர்ந்த துண்டொன்று இருந்தது. முள்ளும் சேறும். ஒருவரும் கால் வைக்காத இடம். அதன் ஓரத்தில், காற்று முகத்தில் படும்படி அமர்ந்தார்கள். யோசப்பினின் குட்டைக்கால் நாய் சின்னி அவருடைய கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டது. மேலே பாதையில் குரல்கள் போயின. பிள்ளைகள், தேர்மோஸ் மூடிகள், யாரோ பாடிய பாட்டு. இத்தனை பேருக்கும் இவ்வளவு பக்கத்தில், ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது, காய்ச்சல் விட்ட நாளின் தூக்கம்போல் இருந்ததாம். ஜேர்மனிக்கு வந்தபிறகு முதல்தடவையாகத் தோள் இறங்கியது என்றார்.

பனி விலகாமலே மரை வந்தது. சத்தமில்லை. மரமொன்று நடக்கத் தீர்மானித்ததுபோல் வந்து பக்கவாட்டாக நின்றது. யோசப்பின் விசையை இழுத்த கணம் மேலே ஒரு பிள்ளை வீறிட்டுச் சிரித்தது. மரை திரும்பியது. வெடி பட்டது, ஆனால் பட வேண்டிய இடத்தில் படவில்லை.

மரை ஓடையைத் தாண்டிப் போனது.

5.

காயம்பட்ட மிருகத்தை உடனே துரத்தக்கூடாது, துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். இருந்து கோப்பி குடித்தார்கள். யோசப்பின் துவக்கில் அடுத்த தோட்டாவைப் போட்டார்.

"காயம்பட்டதை விட்டுட்டுப் போகக் கூடாது தம்பி. போனா நான் மறுபடி துப்பாக்கியைத் தொட மாட்டேன்."

ஓடையை யோசப்பின்தான் முதலில் தாண்டினார். பாசிக்கல்லில் கால் வழுக்கி, கணுக்கால் பிசகி, அந்தக் கரையில் உட்கார்ந்துவிட்டார். நடக்க முடியவில்லை. சின்னி இரத்த வாடையைப் பிடித்துக் கயிற்றை இழுத்தது.

"நீங்க போங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் யோசப்பின். "உங்க நிலைமை எனக்குத் தெரியும்."

இந்த இடத்தில் நெடுநாள் எழுதாமல் இருந்தேன். ஒரு பிரதியில் அவரைத் திரும்பி நடக்க வைத்தேன். "அவர் விடுதிக்குப் போய், கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்து" என்று அது போகும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நானென்றால் அப்படித்தான் செய்திருப்பேன். அவருக்குத் தொலைபேசி எடுத்து, ஏன் தாண்டினீர்கள் என்று கேட்டேன். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று பேனையோடு இருந்தேன்.

"அந்த மனுசி அங்கை தனிய இருந்தது, பிள்ளை. வேறை என்ன?"

தண்ணீர் குளிர்ந்தது. அவ்வளவுதான். எல்லை என்று அங்கே ஒரு பலகைகூட இல்லை.

6.

யோசப்பினிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்ட பரராசசிங்கத்தைச் சின்னி முள்ளுக்குள்ளால், பன்னச் செடிகளுக்குள்ளால் இழுத்துப்போய், அந்தப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் விட்டது. காலையிலிருந்து யாரைத் தவிர்த்தார்களோ அவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். வட்டமாக. நடுவில் மரை முன்னங்காலை மடித்து விழுந்திருந்தது. உயிர் இருந்தது. கொம்பை வீசியது. ஒருவன் படமெடுக்கக் குனிந்தான். சிவப்புத் தொப்பி போட்ட சின்னப் பிள்ளையொன்று தாயின் கையை விட்டுவிட்டுக் கிட்டப் போனது.

பரராசசிங்கத்துக்குக் காது அடைத்தது. அவருக்கு மீண்டும் கொழும்பு. கூட்டம், வட்டம், நடுவில் விழுந்து கிடக்கும் ஒன்று. திரும்பி ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் கால் முன்னுக்குத்தான் போனது. மரைக்கும் பிள்ளைக்கும் நடுவே போய்க் கையிரண்டையும் விரித்தார். படித்த ஜேர்மன் சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

"தள்ளி நில்லுங்கோ! எல்லாரும் தள்ளிப் போங்கோ!"

கூட்டம் பின்வாங்கியது.

"நான் அதைக் கண்டனான்" என்றார் என்னிடம். "ஒரு கூட்டம் பின்னுக்குப் போறதை."

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. மரையின் மூச்சு முதுகில் பட்டதாம். தடியொன்றை ஊன்றி நொண்டிக்கொண்டு யோசப்பின் வந்தார். சனத்தை ஒதுக்கி, பிள்ளைகளின் முகத்தைத் திருப்பச் சொல்லி, ஒரே வெடியில் முடித்தார். பிறகு அந்த நாட்டு வேட்டைக்காரர் வழக்கப்படி, ஊசியிலைக் கொப்பொன்றை முறித்து மரையின் வாயில் கடைசிக் கவளமாக வைத்தார். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். பனிக்குள் வெறுந்தலைகள்.

7.

வாகனங்களை ஒழுங்குபடுத்த அங்கே ஒரு பொலிஸ்காரர் நின்றிருந்தார். வயதானவர். வந்து பரராசசிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிள்ளையின் தாய் அழுதுகொண்டிருந்தாள். நடந்ததை எழுதவேண்டும், சாட்சியாக உங்கள் பெயரும் வேண்டும் என்றார் பொலிஸ்காரர். மரியாதையாகத்தான் கேட்டார்.

பரராசசிங்கம் சட்டைப் பையிலிருந்து விசாக் கடதாசியை எடுத்து நீட்டினார். எந்த மாவட்டத்தை விட்டு வெளியேறக்கூடாது என்று அதில் தெளிவாக அடித்திருந்தது.

இதற்குப் பிறகு என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. முதுமையில், இப்போதும் அதே ஊரில் இருக்கும் யோசப்பின் சொல்வது: "அந்தப் போலீஸ்காரரு பேப்பரைப் பார்த்தாரு, மடிச்சாரு, திருப்பிக் குடுத்தாரு. குட் மேன்." எசனில் இருக்கும் தங்கச்சி சுந்தரேஸ்வரி சொல்வது: "வழக்கு நடந்தது. அண்ணை அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்." இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. பரராசசிங்கத்திடமே கேட்டேன்.

"எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். மிச்சத்தை வாசிக்கிற ஆக்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.

ஆகவே கடதாசி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரை வாசித்துவிட்டீர்கள். நிமிர்ந்து பார்க்கிறீர்கள். முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு அவர் உங்கள் முன்னால் நிற்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லுங்கோ.