பாதி ஆடிய தலை

அவருக்கு ‘சட்டம்’ என்று பெயர். கூடைப்பந்து நடுவர். விதிப்புத்தகத்தை அச்சடித்தவர்களே சந்தேகம் வந்தால் தன்னிடம்தான் கேட்பார்கள் என்பது போல நடப்பார்.

மனைவியின் தங்கையைக் கட்டிய சகலையை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்ததும் அவர்தான். பக்கத்தில் ஒருவன் திணறினால் நாம் இன்னும் எடுப்பாகத் தெரிவோமே என்ற நல்லெண்ணம். சகலை திணறவில்லை. வினை அங்கேதான் ஆரம்பம்.

தேசிய நடுவர் பட்டியலில் இப்போது ஒரே ஓர் இடம் காலி. அதற்கு ஆள் பார்க்கத் தேர்வாளர் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார். நடுவர்கள் சட்டமும் சகலையும். கேலரியில் அக்காவும் தங்கையும்.

“ரெண்டு பேரும் ஒண்ணா விசில் அடிச்சுட்டா என்ன பண்றது சகலை?” உடை மாற்றும்போது இளைய சகலை கேட்டார்.

“கையை மட்டும் தூக்கு. கூடைக்கு அடியில நீ நின்னா முடிவு உன்னோடது. என்னைப் பாரு, தலையாட்டுவேன். அப்புறம் சைகை காட்டு. நான் இருக்கேன்ல, எதுக்குப் பயம்?”

“நீங்க இருக்கறதுதான் சகலை பயம்.”

சட்டம் சிரிக்கவில்லை.

ஆட்டம் முழுக்க அவர் காது கேலரியில்தான் இருந்தது. “உன் வீட்டுக்காரர் கை காட்டுற அழகே தனிடி” என்றது ஒரு குரல். பெற்ற தாய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார். சொன்னது சொந்த மனைவி.

கடைசி விநாடிகள். ஒரு புள்ளி பின்தங்கிய அணியின் நெட்டை ஆட்டக்காரன் பந்தோடு பாய்ந்தான். தடுப்பவன் தாமதமாகக் குறுக்கே நகர்ந்தான். இருவரும் விழுந்தார்கள், பந்து கூடைக்குள் போனது. இரண்டு விசிலும் ஒன்றாக அலறின.

தவறு தடுத்தவனுடையது. அவன் கால் நகர்ந்துகொண்டிருந்ததைச் சட்டமும் தெளிவாகப் பார்த்தார். மோதல் நடந்ததும் கூடைக்கு அடியில், சகலையுடைய இடத்தில். சகலை கையைத் தூக்கி இவரைப் பார்த்தார். சட்டத்தின் தலை பழக்கத்தில் பாதி ஆடியது. அதை நம்பிச் சகலை இரு கைகளையும் இடுப்பில் வைத்தார்: தடுத்தவன் தவறு, கூடை செல்லும். அரங்கமே எழுந்து கத்தியது. அக்காவும்தான்.

மீதித் தலை ஆடவில்லை. சட்டம் உள்ளங்கையில் ஓங்கிக் குத்தினார்: பாய்ந்தவன் தவறு, கூடை செல்லாது.

நடுவர்கள் இருவரும் முரண்பட்டால் கூடையை ரத்து செய்கிற முடிவுதான் நிற்கும். அந்த விதி அவருக்குத் தெரியாதா என்ன? நெட்டையின் அணி தோற்றது.

ஆட்டம் முடிந்து தேர்வாளர் நடுவர்களின் அறைக்குள் வந்தார். சகலை முந்திக்கொண்டார்.

“சார், நான்தான் அவசரப்பட்டுட்டேன். சகலை பார்த்தா சரியாத்தான் இருக்கும்.”

“அடடா! தப்பை இப்படி ஒத்துக்கிற நடுவரை நான் பார்த்ததே இல்ல!” சகலையின் கையைப் பிடித்துக் குலுக்கிய தேர்வாளர் நிறுத்தவேயில்லை.

சட்டத்துக்குப் பொறுக்கவில்லை. அது அவர் செய்த தப்பு. அதற்கும் இவன் பாராட்டு வாங்குகிறானே!

“அவன் தப்பு இல்ல சார், என் தப்பு! தடுத்தவன் கால் நகர்ந்துச்சு.”

தேர்வாளரின் கை நின்றது. “அப்போ இவர் காட்டினது சரியா?”

“சரிதான். ஆனா ஒத்துக்கிட்டது நான்!”

சகலை குறுக்கே புகுந்து காப்பாற்றப் பார்த்தார். “விடுங்க சார், சகலைக்குக் கொஞ்ச நாளா பார்வை மங்கல். சரியா தெரிஞ்சிருக்காது.”

“யாருக்கு மங்கல்?” சட்டம் போட்ட சத்தம், வெளியே நின்ற தோற்ற அணியின் பயிற்சியாளர் வரைக்கும் போனது. “எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது!”