இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வள்ளம்

கோசலாக்காவைப் போல ஒரு விசரியை நம்பி இந்த மணல்திட்டிக்கு வந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வேலணையிலிருந்து குறும்படம் எடுக்க வந்தவள் அவள். கதாநாயகி நான். கடலில் உயிர்தப்பிய பெண்ணொருத்தி ஆளில்லாத தீவில் நண்டு தின்று சீவிப்பதுதான் கதை.

"தீவில மாட்டுப்பட்டவளிட்ட போன் இருக்குமோ?" என்று என் போனை வீட்டிலேயே வைக்கச் செய்தாள். அவளுடையது படம் எடுத்து எடுத்தே மத்தியானத்தோடு அணைந்துபோனது.

அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். நடிப்பென்ற சொல்லே அவளுக்கு ஆகாது. அதனால் நான் யாழ்ப்பாணத்துக்கு வகுப்புக்குப் போவதாக அப்பாதான் அவளிடம் பொய் சொன்னார். காலையில் எங்களை வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கியதும் அவர்தான்.

"ரண்டு மணிக்கு வாறன் பிள்ளை. ஒருத்தரிட்டயும் மூச்சு விடமாட்டன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கோசலாக்காவின் கைமணிக்கூட்டில் இரண்டு மணி போனது. நாலும் போனது. போத்தலில் ஒரு மிடறு தண்ணீர்தான் மிச்சம். தூரத்தில் எங்கள் மாதா கோயில் கோபுரம் தெரிகிறது. இடையில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம். கூட்டில் அடைத்த கோழி மாதிரி திட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இப்பதான் உம்மட முகத்தில பயம் வந்திருக்கு" என்றாள் கோசலாக்கா.

"வாயைப் பொத்துங்கோ அக்கா!"

ஐந்து மணியளவில் காற்றோடு கோயில் மணி கேட்டது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடித்தது.

"பூசையோ?"

"இல்லை. ஆரோ செத்திட்டினம். அடக்கம் முடியுமட்டும் எங்கட ஊரில ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்காது."

"ஐயோ! அப்ப உம்மட அப்பாவும் வரமாட்டாரோ?"

"அவரோ? ஆர் செத்தாலும் வருவார். அம்மாவே செத்தாலும் முதல்ல என்னை ஏத்தத்தான் வருவார்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அன்ரனிட்டா?"

அப்பா வராமல் இருக்க ஒரேயொரு சாவுதான் காரணமாக முடியும். மணலில் விழுந்தேன். "அப்பா! ஐயோ, என்ர அப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இந்நேரம் அம்மா பெட்டியருகே இருந்து என்னைக் கேட்டு அழுதுகொண்டிருப்பாள். என்னைக் கூட்டிவர யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பியிருப்பாள்.