பெரியவர் இறங்கிட்டாரா?

...நாலு கதவு என்றால் பின்னால் பாடி ஐந்தடி, ரெண்டு கதவு என்றால் ஏழடி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கயாக் படகு பன்னிரண்டடி, ஏழடியில் ஏற்றினால் ஐந்தடி வெளியே நீட்டும், ஐந்தடியில் ஏற்றினால் ஏழடி நீட்டும், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் எது வேண்டும் என்று, ஆனாலும் அவள் முக்கால் மணி நேரமாக இந்த இரண்டு பிக்கப்புகளையும் மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கு ரெண்டு கதவு. சாம்பல் நிறத்துக்கு நாலு. அளவு டேப்பை நீட்டுவதும் அது சர்ரென்று உள்ளே ஓடுவதும், மறுபடி நீட்டுவதும்... கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவளுக்கு அளவு ஒருமுறை எடுத்தால் ஒருமுறைதான், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தலை வலிக்கும், பதினெட்டு வருடத்தில் ஒரு கண்ணாடி திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே நாலு பேரிடம் சொல்லுவார், அப்படிப்பட்டவள் ஒரே பாடியை ஐந்தாவது தடவையாக அளக்கிறாள். பழைய வண்டிகள் விற்கும் இந்த யார்டின் உரிமையாளர் ஒரு துணியை வைத்துக்கொண்டு ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாத மனிதர். இரண்டுமே நல்ல வண்டி, எதை வேண்டுமானாலும் நம்பி எடுக்கலாம் மேடம் என்றார். நம்பி. வந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவர் எத்தனை தடவை சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மட்டும் ஏன் சுருக்கென்கிறது?

வீட்டுக்காரர் கிளம்பும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார், ரெண்டு கதவு போதும், பாடி நீளமாக இருக்கட்டும், இனி யார் வரப்போகிறார்கள், நீயும் நானும்தானே என்று. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், இன்றைக்கு அவருக்குப் போட்டி நாள், வர முடியாது. கோபமாகச் சொல்லவில்லை, அவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார், அதனாலேயே அது இன்னும் ஆழமாகப் போய் இறங்கியது. நீயும் நானும்தானே. மூன்று பேராகத்தானே இருந்தார்கள், சனி ஞாயிறு என்றால் ஏரி, நாலு கயாக், எட்டுத் துடுப்பு, ஒரு மூட்டை லைஃப் ஜாக்கெட், படகு விடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். நடுவில் வாத்து. மகளுக்கு நாலு வயதில் வைத்த பேர், நடக்கிறதைவிடத் தண்ணீரில் நன்றாகப் போகிறாள் என்று அப்பா வைத்தது, இருபது வயதாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பிக்கப்பில் ரெண்டு கதவுதான், இருவருக்கும் நடுவில் கியர் முழங்காலில் இடிக்க இடிக்க உட்கார்ந்து வருவாள், அப்பாவைவிட உயரமான பிறகும் அதே இடம்தான், தலை கூரையில் தட்டும், திட்டிக்கொண்டே வருவாள். எட்டு மாதமாக வரவில்லை. கால் இன்னும் சரியாகவில்லையாம். பிசியோதெரபிஸ்ட் ஓடலாம் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது, கல்லூரி விடுதியில் மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போகிறாள், ஏரிக்கு என்றால் மட்டும் கால் சரியில்லை. சரி, சரியில்லை என்றால் சரியில்லைதான், யார் போய்த் துருவிக் கேட்பது, கேட்டு அவள் வேறு எதையாவது சொல்லிவிட்டால்?

இதை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாம்பல் நிறத்தைக் காட்டியது அவள் வாய்தான், மூளையைக் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் முதலில் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். அகலமாக, காலியாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. போனை எடுத்து அதை ஒரு படம் பிடித்து வீட்டு குரூப்பில் போட்டுவிட்டு, ஏன் போட்டோம் என்று உடனே கூச்சமாகி, அழிக்கலாமா என்று யோசித்து, அதற்குள் யார்டுக்காரர் பக்கத்தில் ஏறிவிட்டதால் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். எஞ்சின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது, கிளட்ச் லேசு, இரண்டாவது கியருக்குப் போகும்போது ஒரு சின்ன உறுமல், அது இந்த மாடலின் சுபாவம் மேடம் என்றார் அவர். சுபாவம் என்று சொல்லிவிட்டால் எதுவும் குறையில்லை, நல்ல வசதி. கொழுந்தன் நேற்று போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தான், கார்பெட்டைத் தூக்கித் துருவைப் பார், ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார், டயர் நாலும் ஒரே வருடமா பார்... வண்டியே வைத்துக்கொள்ளாதவன், ஆனால் வண்டியைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒன்றைத் தவிர. அதற்குக் கை போகமாட்டேன் என்கிறது, ஓட்டுகிற கைக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், கறுப்புப் பிடியோடு, ஒன்றும் தெரியாததுபோலப் படுத்திருக்கிறது.

பழைய வண்டியில் ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான். இரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்தக் கிழட்டு எஞ்சின் பிடித்து நிற்காது, மாற்றணும் மாற்றணும் என்று ஒவ்வொரு திங்கள்கிழமையும் சொல்லி, வெள்ளிக்கிழமை மறந்து, கடைசியில் அதற்கு ஒரு ஏற்பாடே பண்ணிக்கொண்டார்கள். பெரியவர். ஏரிக்கரையில் கிடைத்த ஒரு கல், ஒரு பக்கம் தட்டையாக, மறு பக்கம் சக்கரத்துக்கு என்றே செதுக்கின மாதிரி வளைவாக, தூக்க இரண்டு கை வேண்டும். பேர் வைத்தது வாத்து. சீட்டுக்குப் பின்னால் சாக்கு விரித்து அவருக்கென்று தனி இடம். படகு இறக்கும் சரிவில் வண்டியைப் பின்பக்கமாக இறக்கி நிறுத்தியதும் ஓட்டுகிறவர் பிரேக்கில் கால் வைத்தபடி இருக்க, மற்றவர் பெரியவரை எடுத்துப் பின்சக்கரத்துக்குக் கீழே போடவேண்டும், தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும், பாடியில் ஏறப்போகிறவர் கேட்கவேண்டும், பெரியவர் இறங்கிட்டாரா? இறங்கிட்டார் என்று பதில் வரவேண்டும். அதற்குப் பிறகுதான் ஏறலாம். எத்தனை வருடம், எத்தனை நூறு தடவை, படகு கற்க வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். புது கேபிள் ஒன்று போட்டிருந்தால் ஒரு காலை நேரத்து வேலை. ஆனால் அப்புறம் பெரியவரை என்ன செய்வது என்று மூவருமே சிரித்தார்கள். சிரித்தார்களே.

அன்றைக்கு அவள்தான் ஸ்டியரிங்கில். வீட்டுக்காரர் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்தவர்களுக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தார். ஆறு பேர், பாதிப் பேர் தாமதம், போன் வேறு அடிக்கிறது, கடையிலிருந்து, யாருடைய கண்ணாடியோ காணவில்லையாம். பின்னால் வாத்தின் குரல், பெரியவர் இறங்கிட்டாரா? இவள் பிரேக்கில் கால் வைத்தபடி போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னாள், இறங்கிட்டார். இறங்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் சாக்கின் மேல் இருந்தார். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, அடுத்த நொடி அவரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லப்போகிறோம் என்ற நினைப்பில், வாய் பழகின பழக்கத்தில், வந்துவிட்டது... மூன்றாவது டிராயரில் பாருங்கள், நீலப் பெட்டி என்று போனில் சொல்லிக்கொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் கீழே இறங்கினாள். வண்டி மெதுவாகத்தான் நகர்ந்தது, அதுதான் கொடுமை, நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிற அளவுக்கு மெதுவாக. வாத்து மேலிருந்து குதித்தாள், கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. வண்டி பின்சக்கரம் மூழ்கும்வரை தண்ணீருக்குள் போய் நின்றது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாத்தைப் புல்தரையில் படுக்க வைத்து வீட்டுக்காரர் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ கார் எடுக்க ஓடினார்கள், அப்போது இவள் என்ன செய்தாள்? தண்ணீருக்குள் இறங்கி, கதவைத் திறந்து, பெரியவரை இரண்டு கையாலும் தூக்கி, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சரிவின் ஓரத்தில் போட்டாள். தொப். பத்து நிமிடம் தாமதமாக வந்த சத்தம். கல்லு வழுக்கிடுச்சு, பாசி, என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள், கொழுந்தன் பாசியைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினான், அவர் அந்த வண்டியை வீட்டு வாசலில் பார்க்கப் பிடிக்காமல் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டார். அதுவரை வலியில் கத்திக்கொண்டிருந்த வாத்து அந்தத் தொப் கேட்டதும் சட்டென்று அடங்கினாளா, இல்லை அது தற்செயலா? எட்டு மாதமாக இது ஒன்றுதான், லென்ஸைத் தேய்க்கும்போது, சட்டை மடிக்கும்போது, அவளோடு போனில் சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்கும்போது. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. தெரியாததாலா, தெரிந்ததாலா?

மேடம், லெஃப்ட்டா, ரைட்டா, என்று யார்டுக்காரர் கேட்டார். இங்கே பக்கத்தில் சரிவு ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டாள். பக்கத்துக் கிடங்குக்குப் பின்னால் லாரிகள் ஏறும் ஒரு பாதை இருந்தது, நல்ல செங்குத்து, ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆளில்லை. நடுவில் நிறுத்தி, கறுப்புப் பிடியை இழுத்தாள், க்ரிக் க்ரிக் க்ரிக் என்று ஐந்து பல். நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். வண்டி நின்றது. இறங்கினாள். கண் தானாகத் தரையை மேய்ந்தது, சுவரோரம், சாக்கடை மூடியோரம்.

"என்ன மேடம் தேடுறீங்க?"

"கல்லு."

அவர் சிரித்தார், கேலியாக இல்லை, புரியாமல். கேபிள் புதுசு மேடம், போன மாசம்தான் போட்டேன், கல்லு எதுக்கு என்று சொல்லிவிட்டு, நிரூபிக்கிறவர்போலப் பின்னால் போய்ப் பாடியில் ஒரு காலைத் தூக்கி வைத்து ஆட்டிக் காட்டினார். அவளால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஒரு விரற்கடைகூட நகரவில்லை, ஆனாலும் நகரும் நகரும் என்று பட்டது. அப்போதுதான் போன் அடித்தது. வாத்து.

படத்தைப் பார்த்தாளாம். பின்சீட்டு எதுக்கு, அப்பா நீளமான பாடிதானே கேட்டார் என்றாள். சும்மாதான், ஜாக்கெட் மூட்டையை வைக்கலாம், நனையாது, என்று இவள் சமாளித்தாள். ம் என்றாள் அவள். விடுதியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. இவள் நடக்க ஆரம்பித்தாள், போன் பேசினால் நடக்காமல் இருக்க முடியாது, வெள்ளைதான் சரி என்று நினைக்கிறேன், உன் சித்தப்பா சொன்னதெல்லாம் பார்த்துவிட்டேன், டயர் நாலும் ஒரே வருடம், என்று வாய் பாட்டுக்கு ஓடியது.

"ஹேண்ட் பிரேக் பார்த்தியா?"

"பார்த்தேன்டி. நல்லா நிக்குது."



"பார்த்தியா, இல்ல பார்த்தேன்னு சொல்றியாம்மா?"

குரலில் குத்தல் இல்லை, அப்பா மாதிரியே, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்கிற மாதிரிக் கேட்டாள். அவ்வளவுதான். எட்டு மாதமாகத் தெரியுமா தெரியாதா என்று பிடுங்கித் தின்றது ஒரே நொடியில் ஓய்ந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது... தெரிந்தே இருந்திருக்கிறாள், தெரிந்துகொண்டே சாப்பிட்டேன் தூங்கினேன் என்று பதில் சொல்லியிருக்கிறாள், அப்பாவின் முன்னால் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறாள், கால் சரியில்லை என்று தன் காலின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு. அவமானத்தில் முகம் எரிந்தது. இப்போதுகூட ஒரு சத்தியம் பண்ணிவிட்டு நழுவலாம், பார்த்தேன்டி கண்ணு, அந்த மாமாவைக் கேள் என்று அவரிடம் போனைக் கொடுக்கலாம். யார்டுக்காரர் தூரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, எந்த வண்டி மேடம் முடிவு பண்ணியிருக்கீங்க என்று கேட்டார், இவள் ஒரு கையை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

"வாத்து... அன்னிக்குப் பெரியவர் இறங்கல."

சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, வாளிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அழுகிறாளா, அழவில்லையா, வைத்துவிடுவாளா, ஏதாவது சொல்லு வாத்து, திட்டவாவது செய்... பின்னால் எதிலோ சாய்ந்தாள், முதுகில் தகரம் வெயிலில் சூடாக உறுத்தியது, திரும்பிப் பார்த்தாள். பாடியின் பின்கதவு. எப்போது இங்கே நடந்து வந்தாள்? சரிவின் கீழ்ப்பக்கம், பாடிக்கு நேர் கீழே, சக்கரத்துக்கு ஒரு கல்கூடக் கொடுக்காமல், இவ்வளவு நேரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். விலகவேண்டும் என்று தோன்றியது. விலகாமல், போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டு, அங்கேயே நின்றாள்.