வெயிலில் வைப்பர்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் கிளெனிஸ். பிரிஸ்பேனில் நாங்கள் இருவரும் போகும் நீச்சல் குளத்தில், தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். முடிவைச் சொல்லாமல் போய்விட்டாள். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். (எழுபத்து மூன்று வயதுக்காரியை 'அவள்' என்கிறேன். கிளெனிஸுக்குத் தமிழ் தெரியாது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நீலக் கடலை ஒட்டி வடக்கே நீளும் அந்தச் சாலையில்...' சகிக்கவில்லை. அவள் கடலைப் பார்க்கவே இல்லை.

மகள் ப்ரான்வினுக்குக் கல்யாணம், பிரெஞ்சுத் தீவான நியூ கலிடோனியாவின் வடக்கே கோனேயில். கிளெனிஸின் முன்னாள் கணவன் டெஸ் விமான நிலையத்தில் வாடகைக்குக் கார் எடுப்பான், அவள் பஸ்ஸில் போவாள் என்றுதான் ஏற்பாடு. எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கார் கிடையாது என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். டெஸ்ஸுக்கு எழுபத்தேழு.

“முன்னாடியே படிச்சுப் பாக்க மாட்டியா?”

“எழுத்து பொடிசா இருந்துச்சு.”

“கல்யாணமான நாள்லேர்ந்து உனக்கு எல்லா எழுத்தும் பொடிசுதான்.”

கிளெனிஸ் தன் பெயரில் காரை எடுத்தாள்.

2

அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்த டெஸ்ஸுக்கு எதிரே ஸ்டீயரிங் இருந்தது. எழுந்திருக்க மனமில்லை.

“நானே ஓட்டிடறேனே. யாரு பாக்கப் போறா?”

“இறங்கு.”

(இங்கே நீங்கள் சிரிக்கலாம். கிளெனிஸ் சிரிக்கவில்லை.)

இண்டிகேட்டர் என்று நினைத்து அவள் தட்டியதெல்லாம் வைப்பர். கொளுத்தும் வெயிலில், திருப்பத்துக்குத் திருப்பம், கண்ணாடியை அது வறட்டு வறட்டென்று தேய்த்தது. “மழையா?” என்றான் டெஸ், ஒவ்வொரு தடவையும். நடுவில் “வலது, வலது” என்று வேறு கத்தினான்.

இப்படிப்பட்ட ஆளை எந்த வாசகர் பொறுத்துக்கொள்வார்? அவனை நல்லவனாக்கி ஒரு பத்தி எழுதினேன். 'ஆனாலும் டெஸ்ஸுக்கு உள்ளுக்குள்...' அடித்துவிட்டேன்.

3

பெட்ரோல் போட்டுவிட்டுச் சாலையில் ஏறியவள், நினைவில்லாமல் இடப்பக்கமே போனாள். எதிரே லாரி. அது ஹாரன் அடித்த பிறகுதான் உறைத்தது. வலப்பக்கம் வெட்டி, ஓரத்துப் புல்லில் நிறுத்தினாள்.

எல்லாவற்றுக்கும் கத்தியவன் லாரிக்கு மட்டும் கத்தவில்லை.

“ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்லல?”

“லாரி, டெஸ். வீடு மாதிரி நேரா வந்துச்சு.”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “நேரா இருக்கறது தெரியறதில்ல. ஓரத்துல இருக்கறது தெரியும்.”

“எத்தன நாளா?”

“போன வருஷத்துலேர்ந்து. ப்ரான்கிட்ட சொல்லிடாத. செவ்வாய்க்கிழமையானா ஃபீபியப் பாட்டு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்.”

ஃபீபி பேத்தி, ப்ரான்வினின் மகள். ஆறு வயது.

“கார்லயா?”

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கிளெனிஸ் வண்டியை எடுத்தாள்.

4

ப்ரான்வின் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். “ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்தும் உயிரோட இருக்கீங்க. அப்பா, நாங்க ஹனிமூன் போயிட்டு வர்ற வரைக்கும் பிரிஸ்பேன்ல ஃபீபிய நீங்கதான் ஸ்கூல்ல விடணும்.”

“அதுக்கென்னம்மா, விட்டுட்டாப் போச்சு.”

கிளெனிஸ் வாயைத் திறந்தாள்—

இதைச் சொல்லும்போது நீச்சல் குளத்தில் யாரோ கூப்பிட, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் கேட்டால், “எழுதறவ நீதானே. நான் என்ன சொல்லியிருக்கணும், நீ சொல்லு” என்கிறாள்.

நான் எழுதிய ஒரு முடிவில் அவள் சொல்லிவிடுகிறாள். கல்யாணம் முழுக்க டெஸ் ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவனிடம் யாரும் பேசவும் இல்லை. அதைப் படித்துவிட்டு எனக்கே அவள்மேல் கோபம் வந்தது. இன்னொன்றில், “பசிக்குது, உள்ள போலாம்” என்கிறாள். அந்த முடிவில் ஃபீபி பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது...

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடியுங்கள். சீக்கிரம். டெஸ் காரை ஸ்டார்ட் செய்துவிட்டான்.