தனிப் பீங்கான்

பஸ்லியா கெட்டவள் இல்லை. ஊர்வாய்க்குப் பயந்தவள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயம் அவளைக் கொண்டு செய்வித்த வேலையைக் கெட்டவர்கள்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் செய்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தி, அவள் மகள் நிப்லாவின் கல்யாணத்தில் நடந்தது அது. கல்முனையில் கல்யாணமென்றால் சஹன் சாப்பாடுதான். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, நடுவிலிருக்கும் ஒரே பெரிய தட்டில் கைபோட்டுத் தின்ன வேண்டும். பஸ்லியாவின் மூத்த சகோதரரான காக்காவின் பெண்சாதி முனவ்வறாவும் வந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்தாள். அவள் விரல்களில் தோல் இறுகி மினுங்கியது. புறங்கையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பக்கத்திலிருந்தவள் சோற்றில் வைத்த கையைப் பின்னுக்கு இழுத்தாள். பஸ்லியா அதைக் கண்டுவிட்டு அவசரமாக வந்தாள்.

"மதினி, உங்களுக்குக் கை நோவுதானே. உள்ளுக்கு வாங்க, தனியாப் பீங்கான்ல போட்டுத் தாறன்" என்றாள் குனிந்து.

முனவ்வறா சஹனிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து குசினிக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினாள். அதன்பிறகு எந்த வீட்டுச் சஹனிலும் அவள் உட்காரவில்லை.

காக்கா கட்டாரில் வேலையில் இருக்கிறார். போன வாரம் முனவ்வறாவோடு கிளினிக்குக்குத் துணைபோக ஆளில்லாமல் பஸ்லியாதான் போனாள். மூன்று வருடம் நெஞ்சில் கிடந்ததை டாக்டரிடம் கேட்டும் விட்டாள்.

"இது மத்தவங்களுக்குத் தொத்துமா டாக்டர்?"

"தொத்தாது. காயம் பட்டா ஆத்துறதுக்குத் தோலுக்குள்ள உயிரணுக்கள் இரிக்கி. காயம் ஆறினா அதுகள் அடங்கிரணும். இவங்கட உடம்பு தன்னோடயே சண்டை பிடிக்கிறதால அதுகள் அடங்காம, காயமில்லாத இடத்திலயும் தழும்பைக் கட்டுது. அதான் தோல் இறுகுது. உள்ளுக்கும் இறுகும்."

"ஒரே சஹன்ல சாப்பிட்டா?"

"ஒண்டும் வராது."

பஸ்லியாவால் மதினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் கேட்டாள்.

"உங்களுக்கு இது முந்தியே தெரியுமா மதினி?"

"ஓம். நிப்லாட கல்யாணத்துக்கு முந்தியே டாக்டர் சொன்னவர். ஆரும் என்னக் கேக்கல்ல."

அன்றிரவு பஸ்லியாவுக்குக் கண் மூடவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பகல், கல்யாணத்துக்கு வைத்த அதே சாப்பாட்டை ஆக்கினாள். கோழிப் பொரியலும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துப் பெரிய சஹன் ஒன்றை நிரப்பி, மதினி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் வைத்தாள். "என்ன மன்னிச்சிருங்க மதினி. ரெண்டு பேரும் ஒண்டாத் தின்னுவம்" என்றாள்.

முனவ்வறா மறுக்கவில்லை. பிஸ்மி சொல்லி, மடங்கிப்போன விரல்களால் கொஞ்சம் சோறெடுத்தாள். வாயைச் சுற்றியும் தோல் இறுகியிருந்ததால் அது ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. பருக்கைகள் மடியில் சிந்தின. இன்னொரு தரம் முயன்று பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"இப்ப எனக்குக் கஞ்சிதான் இறங்கும், பஸ்லியா. அண்டைக்குக் கல்யாணத்தில வாய் நல்லாத் திறந்திச்சி."

அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து நாத்தனாரின் பக்கம் தள்ளிவைத்தாள்.

"நீங்க தின்னுங்க, ஆறிரும்."

ஆறு பேர் தின்னும் சஹனில் பஸ்லியா தனியாகத் தின்றாள்.